1908 மார்ச் 13, திருநெல்வேலி: வ.உ.சி.யை மேடையேற்றாமல் ஊரை மேடையேற்ற முடியுமா?

பொருநைக்கரை எழுதியது:

வ.உ.சி. கைதான மறுநாள், 1908 மார்ச் 13 வெள்ளிக்கிழமை, திருநெல்வேலியில் நடந்ததை 75 நிமிட நாடகமாக்கும் வேலை. நடிகர்கள் 12 பேர், அதில் 4 பெண்கள். இடம் பள்ளி மைதானம், முன்னால் 300 பேர் உட்காரலாம். மேடை 24க்கு 18 அடி, உயரம் 3 அடி.

அன்று நகராட்சி அலுவலகம், அஞ்சலகம், காவல் நிலையம், நீதிமன்றம் எல்லாவற்றிலும் தீ. நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கும் எரிந்தது. போலீஸ் சுட்டதில் 4 பேர் இறந்தார்கள். நெல்லையில் வ.உ.சி. சிலையைக் காட்டாதவர் கிடையாது. அந்த நாலு பேரைப் பற்றிக் கேட்டால் பதில் வராது.

கேள்விகள்: ஆவணங்களை எந்த வரிசையில் படிக்க வேண்டும்? கற்பனையை எங்கே நிறுத்துவது? 12 பேரை வைத்துக் கலகக் கூட்டம் காட்டுவது எப்படி? தீயையும் துப்பாக்கிச் சத்தத்தையும் என்ன செய்வது?

---

ஏட்டுச்சுரை எழுதியது:

ஆவணத்திலிருந்து தொடங்குகிறேன். கதை எழுதியபின் ஆதாரம் தேடினால், கதைக்குத் தோதானது மட்டும்தான் கண்ணில் படும்.

முதலில் அச்சில் உள்ளவை. ஆ. இரா. வேங்கடாசலபதி இந்த எழுச்சியைப் பற்றி எழுதிய ஆய்வுநூல் 2024க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதை முழுக்கப் படித்துவிட்டு, அடிக்குறிப்புகளை மட்டும் தனியாக ஒருமுறை படியுங்கள். எந்தத் துறை, எந்த ஆண்டு, எந்த அரசாணை என்று அங்கேயே வழி இருக்கும். அடுத்து எச். ஆர். பேட் தொகுத்து 1917இல் வந்த திருநெல்வேலி மாவட்ட கெசட்டியர். அது அரசுத் தரப்பு எழுத்து. எதைச் சுருக்கிவிட்டது, எதற்கு அடைமொழி போட்டது என்று பார்க்கத்தான் அது வேண்டும்.

பிறகு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கல்வி நிறுவனத்தின் கடிதம், அடையாள அட்டை, எந்தப் பொருளில் ஆய்வு என்று ஒரு பக்கம் கொண்டுபோங்கள். "1908 கலகம் பற்றி எல்லாம் வேண்டும்" என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. முதலில் ஆண்டுவாரி அகரவரிசைக் குறிப்பேட்டில் நீதித்துறைத் தலைப்பைப் பார்த்து, அரசாணை எண்ணும் தேதியும் எடுத்து, அதைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். 1908 மட்டும் பார்த்தால் போதாது. விசாரணையும் தண்டனையும் கணக்கு வழக்கும் அடுத்த ஆண்டுக் கட்டுகளிலும் தொடரும். தாள்கள் நொறுங்கும் நிலையில் இருக்கும் என்பதால் பென்சில்தான். பத்திரிகைகளுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

எடுத்த குறிப்பு ஒவ்வொன்றையும் தனி அட்டையில் எழுதுங்கள். மேலே தேதி, மணி, இடம். நடுவில் செய்தி. கீழே சொன்னவர் யார், அவர் அங்கே இருந்தாரா, எத்தனை நாள் கழித்துச் சொன்னார். இந்தக் கடைசி வரியை விட்டுவிடுகிற குழுக்கள்தான் அதிகம். மாஜிஸ்திரேட் தன் செயலை நியாயப்படுத்தி எழுதிய அறிக்கையும், கடைக்காரர் கூண்டில் சொன்னதும் ஒரே எடையில் வசனமாவது அதனால்தான்.

காட்சி எழுதும் முன் தேதிவாரி ஒரு தாள் சுவரில் ஒட்டுங்கள். பிப்ரவரி 27: தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம் தொடக்கம். ஒன்பது நாளில் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. மார்ச் 9: வங்கத் தலைவர் விபின் சந்திர பால் விடுதலை நாள் கொண்டாட்டம். மார்ச் 12: வ.உ.சி., சுப்பிரமணிய சிவா, பத்மநாப அய்யங்கார் கைது. மார்ச் 13: எழுச்சி. ஜூலை 7: வ.உ.சி. வழக்கில் நீதிபதி பின்ஹே தீர்ப்பு. நீங்கள் எழுதப்போவது இந்த வரிசையின் ஒரே ஒரு நாளை. ஆனால் மில் வெற்றியைச் சொல்லாமல் விட்டால், மார்ச் 13 திடீர்க் கோபம் மாதிரி தெரியும். அரசு அறிக்கையும் அப்படித்தான் காட்ட விரும்பியது.

---

மேலரதவீதி எழுதியது:

ஒரு சந்தேகம். வ.உ.சி. மேடைக்கே வரவில்லை என்றால் சனங்கள் ஒத்துக்கொள்வார்களா? கப்பல் இல்லை, செக்கு இல்லை, மீசை இல்லை. பாதியில் எழுந்து போய்விடுவார்கள்.

---

வில்லடி எழுதியது:

அண்ணாச்சி, அவரைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று முதலில் பாருங்கள். 1961இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' திரைப்படத்திலிருந்து சனங்கள் மனசில் ஒரு முகமும் ஒரு குரலும் பதிந்திருக்கிறது. உங்கள் நடிகர் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அந்தக் குரலோடு ஒப்பிட்டுத்தான் கேட்பார்கள். அவர் மேடையில் நிற்கிற வரைக்கும் மற்ற 11 பேரும் பக்கவாத்தியம்தான்.

அவர் பேச்சு வேண்டும், ஆள் வேண்டாம். அதற்கு வழி ஆவணத்திலேயே இருக்கிறது. கூட்டங்களில் போலீஸ் குறிப்பெடுத்தது, அந்தக் குறிப்புதான் வழக்கில் சாட்சியம். ஆகவே குறிப்பெடுத்த போலீஸ்காரரைக் கூண்டில் ஏற்றி, நோட்டிலிருந்து வாசிக்க வையுங்கள். தாமிரபரணிக் கரையில் தைப்பூச மண்டபக் கூட்டத்தை இப்படிக் காட்டலாம். அவர் உணர்ச்சியே இல்லாமல் வாசிப்பார். எழுத முடியாமல் விட்ட இடத்தில் நிறுத்துவார். அந்த இடைவெளியில் மேடையின் மறுபக்கம் நிற்கும் கூட்டம் "வந்தே மாதரம்" சொல்லும். சனங்கள் வ.உ.சி.யைக் கேட்டுவிடுவார்கள்.

செக்கைத் தொடவே வேண்டாம். அது கோயம்புத்தூர்ச் சிறைக் கதை, மார்ச் 13க்கு அப்புறம் வருவது. செக்கு வந்த நிமிடமே ஊர் மறந்துபோகும்.

வடிவத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி நாடகம் என்றாலே தெருக்கூத்து அடவையும் கட்டியங்காரனையும் கொண்டுவருவது வழக்கமாகிவிட்டது. அது வட மாவட்டத்துச் சொத்து. நெல்லைக்கு வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் இருக்கும்போது எதற்கு? வில்லு, வீசுகோல், உடுக்கு, குடம், தாளம், கட்டை. கதை பாடும் புலவரும் பின்பாட்டுக்காரர்களுமாக ஐந்து பேர் மேடையின் இடதுபக்கம் முழு நேரமும் உட்கார்ந்திருக்கட்டும். அதில் மூன்று பேர் நடிகர்களாகவும் எழுந்து வரலாம்.

வில்லுப்பாட்டில் இன்னொரு வசதி. புலவர் கதையை நிறுத்திவிட்டுச் சபையைப் பார்த்துப் பேசலாம், பின்பாட்டுக்காரர் "ஆமா" போடலாம். ஆவணத்தில் இருப்பதைச் சொல்லும்போது குடம் அடியுங்கள். வாய்மொழியாகக் கேட்டதைச் சொல்லும்போது உடுக்கு. குழுவின் கற்பனை என்றால் தாளம் மட்டும். முதல் ஐந்து நிமிடத்தில் புலவரே இந்தக் கணக்கைச் சபையிடம் சொல்லிவிடட்டும். பிறகு சனங்களே காது கொடுத்துப் பிரித்துக்கொள்வார்கள்.

---

ஏட்டுச்சுரை எழுதியது:

வில்லடி சொன்ன குடம்-உடுக்குக் கணக்கு நல்ல ஏற்பாடு. எழுத்துப் பிரதியிலும் அதே ஒழுங்கு வேண்டும். ஆவண வரிக்குக் கறுப்பு மை, வாய்மொழிக்கு நீலம், கற்பனைக்குச் சிவப்பு. முதல் பிரதி முடிந்ததும் தள்ளி நின்று பாருங்கள். 13ஆம் தேதிக் காட்சி முழுக்கச் சிவப்பாக இருந்தால் இன்னும் காப்பகத்துக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். முழுக்கக் கறுப்பாக இருந்தால் அது நாடகம் இல்லை, அறிக்கை.

வாய்மொழிக்கு ஒரு உதாரணம். தூத்துக்குடி வேலைநிறுத்தத்தின்போது மில் நிர்வாகத்துக்கு ஆதரவாகப் பேசிய வக்கீலுக்குப் பாதிச் சவரத்தில் நாவிதர் கத்தியை மடக்கிவிட்டுப் போனார் என்று வ.உ.சி. வரலாறுகளில் சொல்லப்படும். மேடைக்கென்றே அமைந்த நிகழ்ச்சி, இரண்டு நாற்காலியும் ஒரு கிண்ணமும் போதும். உடுக்கு அடித்துக் காட்டுங்கள். பல ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதைக்குக் குடம் அடிக்கக் கூடாது.

சிவப்பு மையில் கட்டாயம் எழுதக் கூடாதவை இரண்டு. இறந்தவர்களின் கடைசி வார்த்தை ஒன்று. "முதல் தீயை வைத்தது இவர்தான்" என்று ஒருவரைக் காட்டுவது இன்னொன்று. விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு வாரிசுகள் ஊரிலேயே இருப்பார்கள்.

---

மேலரதவீதி எழுதியது:

அப்போ சாதி? அந்தக் காலத்து ஆவணத்தில் பெயரோடு சாதியும் சேர்ந்தே எழுதியிருப்பார்கள். மேடையில் சொல்வதா, மறைப்பதா?

---

ஏட்டுச்சுரை எழுதியது:

பெயருக்குப் பக்கத்தில் தொழிலையும் தெருவையும் சொல்லுங்கள். பார்வையாளர்களுக்கு அதிலேயே புரியவேண்டியது புரியும். வசையாகவோ பெருமையாகவோ சாதிப் பெயர் வேண்டாம்.

வில்லடி எழுதியது:

முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. தெருவில் இறங்கியவர்கள் ஒரே சமூகத்தவர் இல்லை என்பதுதான் அந்த நாளின் சிறப்பு. அதை மழுப்பிவிட்டால் நாளைக்கு யாராவது "எங்க ஆட்கள் நடத்தினது" என்று சுவரொட்டி அடிப்பார்கள். விசாரணைக் காட்சியில் குமாஸ்தா பட்டியலை வாசிக்கட்டும். ஆவணம் எப்படியோ அப்படியே, குடத்தோடு, நடிப்பு இல்லாமல். மற்ற இடங்களில் நீங்கள் சொல்கிறபடி.

ஏட்டுச்சுரை எழுதியது:

குமாஸ்தா வாசிப்பு மட்டும் என்றால் சரி. ஆனால் ஒத்திகைக்கு முன்பே ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டிவிடுங்கள். அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, என்ன வரப்போகிறது என்று தெரிந்தால் போதும்.

---

தாமிரவாசகன் எழுதியது:

காட்சி அடுக்கு பற்றி யாரும் சொல்லவில்லையே. 75 நிமிடத்துக்கு எழுத்து எவ்வளவு என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80, 90 சொல்லுக்கு மேல் போகாது. பாட்டுக்கும் அசைவுக்கும் 25 நிமிடம் கழித்தால் மிஞ்சுவது 50. ஆகவே வசனம் 4,200 சொல்லுக்குள். முதல் பிரதி எல்லாருக்கும் 9,000 சொல் வரும். வெட்டுவது தவிர வேறு வழியில்லை. எதை வெட்டுவது என்றால், பார்வையாளருக்குத் தகவல் சொல்வதற்காகவே ஒருவர் இன்னொருவரிடம் பேசும் வசனங்களை. "உனக்குத்தான் தெரியுமே, போன மாதம் தூத்துக்குடியில..." என்று தொடங்கும் எல்லாமே. அந்த வேலையைப் புலவர் இரண்டு அடியில் முடித்துவிடுவார்.

ஊரை எப்படிப் பாத்திரமாக்குவது? தெருவிளக்கு மண்ணெண்ணெயில் எரிந்த காலம். விளக்கேற்றும் ஒரு தொழிலாளியைக் கற்பனையாக வைத்துக்கொள்ளுங்கள், தாளத்தோடு. முதல் காட்சியில் நகராட்சிக் கிடங்கிலிருந்து எண்ணெய் வாங்கித் தெருவில் ஏணி போட்டு விளக்கேற்றுகிறார். போகிற வழியில் ஊரெல்லாம் அவரோடு பேசுகிறது. 7 நிமிடம் போதும், இருபது ஆட்களும் நாலு தெருவும் அறிமுகமாகிவிடும். அடுத்து மில் சேதி 12 நிமிடம். மண்டபப் பேச்சும் நோட்டு வாசிப்பும் 8. 12ஆம் தேதி மாலை காத்திருப்பு 6. 13ஆம் தேதி 18. விசாரணை 12.

முடிவுக் காட்சி எது என்பதில்தான் நாடகம் நிற்கும். துப்பாக்கிச் சூட்டோடு முடித்தால் கைதட்டு விழும், ஊர் போய்விடும். எழுச்சிக்குப் பிறகு அரசு கூடுதல் போலீஸை நிறுத்தி, அதன் செலவை ஊர்க்காரர்கள் தலையிலேயே வரியாகக் கட்டியது. அந்தத் தண்டக் காவல் வரிதான் கடைசி 10 நிமிடம். வீடு வீடாக வசூல். யார் கட்டுகிறார்கள், யார் தவணை கேட்கிறார்கள், யார் "நான் அன்னைக்கு ஊர்லயே இல்லை" என்கிறார்கள். அந்தப் பதில்களில் 13ஆம் தேதி திரும்பவும் தெரியும். நாடகத்தின் முதல் பாதியில் வந்த அதே ஆட்கள், அதே வாசல்கள். எண்ணெய்க் கிடங்கு எரிந்துபோனதால் விளக்கு இல்லை, ஆகவே வசூல் இருட்டில். கூட்டினால் 73 நிமிடம், மீதி இரண்டு நிமிடம் காட்சி மாற்றத்துக்கு.

---

பொருநைக்கரை எழுதியது:

வரிக் காட்சி நல்ல யோசனை, எழுதத் தொடங்கலாம். கூட்டம் எப்படி?

---

தாமிரவாசகன் எழுதியது:

12 பேரும் ஒரே நேரத்தில் கத்தினால் 12 பேர் என்றுதான் தெரியும். கூட்டம் என்பது எண்ணிக்கை இல்லை, வேறு வேறு வேலை.

முதலில் ஆளுக்கொரு வேலை கொடுங்கள். ஒருவர் கடைப் பலகையை ஒவ்வொன்றாகச் சாத்துகிறார். ஒருவர் மகனைத் தேடுகிறார். ஒருவர் கல் பொறுக்குகிறார், ஒருவர் அவர் கையைத் தட்டிவிடுகிறார். ஒருவர் வேடிக்கை பார்க்க வந்தவர், அவ்வளவுதான். இரண்டாவது, மேடையில் எட்டுப் பேருக்கு மேல் நிற்க வேண்டாம். மீதிப் பேர் பார்வையாளருக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் நின்று குரல் கொடுக்கட்டும். முன்னால் ஒரு கோஷம், இரண்டு விநாடி கழித்துப் பின்னால் அதே கோஷம். நடுவில் உட்கார்ந்திருக்கிற 300 பேரும் கூட்டமாகிவிடுவார்கள். மூன்றாவது, வலமிருந்து இடம் ஒரே திசையில் ஓட்டம் வேண்டாம். நாலு பேர் எதிர்த்திசையில் போனால்தான் குழப்பம் தெரியும். இதற்கு ஒவ்வொருவருக்கும் தரையில் எண் போட்டு, வாயால் எண்ணிக்கொண்டே நடந்து பழகுங்கள். வேகம் நான்காவது வாரத்துக்குப் பிறகுதான். முதல் நாளே ஓடவிட்டால் 3 அடி உயர மேடையிலிருந்து யாராவது விழுவார்கள். விளிம்பிலிருந்து 2 அடி உள்ளே வெள்ளை நாடா ஒட்டிவிடுங்கள்.

---

ஒளிப்பலகை எழுதியது:

தீ பற்றி. நிஜத் தீ வேண்டவே வேண்டாம், தீப்பந்தமும் கூடாது. துணி, மூங்கில், பந்தல், கூட்டம் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும்.

மெல்லிய பட்டுத் துணியை 5 அடி நீளத்தில், மேலே போகப் போகக் கூராகும்படி வெட்டுங்கள். ஒரு பெட்டிக்கு 8, 9 நாடா. நாடாக்களைச் சட்டத்தில் கட்டி, அடியில் 16 அங்குல மின்விசிறியை மல்லாத்தி வையுங்கள். விசிறிக்கு மேலே கம்பிவலை கட்டாயம், இல்லாவிட்டால் துணி சுற்றிக்கொண்டு மோட்டார் புகையும். கீழிருந்து இரண்டு எல்ஈடி விளக்கு, ஒன்று ஆரஞ்சு, ஒன்று சிவப்பு. இரண்டையும் ஒரே தாளத்தில் மினுக்கினால் கல்யாண வீட்டு அலங்காரம் மாதிரி இருக்கும். ஆரஞ்சு நிலையாக எரியட்டும், சிவப்பை மட்டும் கையால் ஒழுங்கில்லாமல் ஏற்றி இறக்குங்கள். பட்டுக்குப் பதில் மலிவான பாலியெஸ்டர் வாங்கினால் ஹாலஜன் விளக்குக்கு 3 அடி தள்ளி வையுங்கள், சூட்டில் உருகும். விசிறி சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் கணியான் கூத்துத் தோல் வாத்தியமான மகுடம் அடிக்கட்டும்.

ஐந்து கட்டடத்துக்கும் இப்படி ஐந்து துணித் தீ தேவையில்லை. ஒன்றே ஒன்றை எண்ணெய்க் கிடங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு நடிகர்கள் பார்க்கும் திசையில் ஒரு ஆரஞ்சு ஒளி முகத்தில் விழுந்தால் போதும். புகை இயந்திரம் திறந்தவெளியில் வீண். காற்று அதை முன்வரிசைக்குத்தான் கொண்டுபோகும். தரையும் வழுக்கும்.

துப்பாக்கிச் சத்தத்துக்கு 2 அடி நீளம், 4 அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனத்தில் இரண்டு பலகை. ஒரு முனையில் கீல், வெளிப்பக்கம் கைப்பிடி. வேகமாக மூடினால் மைதானம் முழுக்க அதிரும். மைக் பக்கத்தில் அடிக்காதீர்கள், ஒலிபெருக்கி கிழிந்த மாதிரி கேட்கும். மேடைக்குப் பின்னால் வேண்டாம், பார்வையாளருக்குப் பின்னால் இருந்து அடியுங்கள். வெடி வைக்காதீர்கள். ஈரம் பட்டால் வெடிக்காது, வெடித்தால் புகைநாற்றம் அடுத்த காட்சி வரைக்கும் இருக்கும். இறந்தவர்கள் நாலு பேர் என்பதால் நாலு தடவை அடிக்க வேண்டாம், அது தவறான கணக்கு. எத்தனை குண்டு என்று பார்வையாளர் எண்ண முடியாதபடி ஒழுங்கில்லாமல் அடித்துவிட்டு, பிறகு பத்து விநாடி எதுவும் வேண்டாம், மகுடமும் நிற்கட்டும்.

மின்சாரம்: 1000 வாட் ஹாலஜன் ஒன்று 4 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். பள்ளியின் 15 ஆம்பியர் பிளக்கில் இரண்டுக்கு மேல் போடாதீர்கள். ஒலிக்கும் ஒளிக்கும் ஒரே இணைப்பு எடுத்தால் விளக்கை மங்கலாக்கும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் 'உம்' என்று இரையும். ஜெனரேட்டர் என்றால் 30 மீட்டர் தள்ளி, 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி. கம்பிச் சுருளை முழுக்கப் பிரித்துவிட வேண்டும், சுருட்டியபடியே விட்டால் சூடேறும்.

---

வில்லடி எழுதியது:

மகுடம் பற்றி ஒன்று. கணியான் கூத்தில் இரண்டு மகுடம், உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று. தோல் வாத்தியம். ஆற்றங்கரை மைதானத்தில் ஏழு மணிக்கு மேல் ஈரக்காற்றில் தோல் தொய்ந்து 'பொத்' என்றாகிவிடும். அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு அனல் காட்ட வேண்டும். அந்தக் கங்குச் சட்டி மேடைக்குப் பின்னால் 20 அடி தள்ளி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் ஒரு ஆளும். ஒளிப்பலகை அண்ணாச்சி கோபிக்க வேண்டாம், இது மட்டும் நிஜ நெருப்பு.

பாட்டுக்கு: கலெக்டர் வின்ச் வ.உ.சி.யை மிரட்டுவதாகவும், அவர் மறுமொழி சொல்வதாகவும் பாரதி எழுதிய இரண்டு பாட்டு இருக்கிறது. பாரதி எழுத்து 1949இல் நாட்டுடைமை ஆனது, உரிமைப் பிரச்சினை இல்லை. ஆனால் சினிமா மெட்டில் பாடாதீர்கள், அந்த மெட்டுக்கு உரிமை தனி. மற்றப் பாட்டுகளுக்குச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து மெட்டு நம்ம பக்கத்துச் சொத்து. தெருவில் நடந்துகொண்டே பாட அதைவிடத் தோதானது எது?

---

ஏட்டுச்சுரை எழுதியது:

காலப் பிழைகள். பார்வையாளரில் ஒருவராவது கண்டுபிடிப்பார், கண்டுபிடித்த பிறகு மற்றதையும் நம்பமாட்டார்.

காந்தி குல்லா கூடாது. 1908இல் காந்தி தென்னாப்பிரிக்காவில். ராட்டைக் கொடி, மூவர்ணம் கிடையாது. கோஷம் வந்தே மாதரம் மட்டும். ஜெய்ஹிந்த், இன்குலாப் எல்லாம் பிற்காலம். பெட்ரோமாக்ஸ் விளக்கும் வேண்டாம். அது இருந்தால்தான் பழைய காலம் என்று பலர் நினைக்கிறார்கள். சிம்னி விளக்கு, அரிக்கேன், தகரக் கூண்டு போதும். காசு என்றால் ரூபாய், அணா, பை. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பை. வரி வசூல் காட்சியில் கூட்டல் தப்பினால் தெரிந்துவிடும். கலெக்டர் ஆஷ் கொலையைக் கடைசியில் ஒட்டுப்போடாதீர்கள். மணியாச்சி 1911 ஜூன் 17, மூன்று வருடம் கழித்து.

உடைக்கு ஆளுக்கு ஒரு வேட்டியும் ஒரு மேல்துண்டும். பாத்திரம் மாறும்போது துண்டு மட்டும் மாறட்டும்: தலையில் கட்டினால் மில் தொழிலாளி, இடுப்பில் கட்டினால் கடை ஆள், தோளில் போட்டால் குமாஸ்தா. போலீசுக்கு இடைவாரும் தடியும் மட்டும். பள்ளி விழாக் கடையில் வாடகைக்கு எடுக்கும் காக்கி உடுப்பு வேண்டாம், அது 1970 சினிமா மாதிரி இருக்கும். கைக்கடிகாரம், காப்புக் கயிறு, மூக்குக்கண்ணாடிச் சட்டம் இந்த மூன்றையும் மேடை ஏறும் இடத்தில் ஒருவர் நின்று சோதிக்க வேண்டும்.

எண்ணெய் டின்: 18 லிட்டர்ப் பழைய டின். காலியாக இருந்தால் தூக்குகிற விதத்திலேயே தெரியும், சத்தமும் தாளம் மாதிரி வரும். இரண்டு கிலோ மணலை உள்ளே போட்டு மூடியை ஈயம் வைத்து அடைத்துவிடுங்கள்.

---

பொருநைக்கரை எழுதியது:

பேச்சு? எழுதி வைத்தது பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது.

வில்லடி எழுதியது:

எழுதியதை அப்படியே மனப்பாடம் பண்ணவிடாதீர்கள். காட்சியின் சேதியை மட்டும் சொல்லி, நடிகர்களைப் பேசவிட்டுப் பதிவுசெய்து, அதிலிருந்து திரும்ப எழுதுங்கள். "சொல்லுதாவ", "வந்தாவ", "அங்கன" எல்லாம் தானாக வரும். வலிய ஒவ்வொரு வரியிலும் "ஏலே" போட்டால் நகைச்சுவைத் துணுக்கு ஆகிவிடும். எல்லாருக்கும் ஒரே நெல்லைத் தமிழ் கிடையாது: தூத்துக்குடி மில்காரர் வேறு, டவுண் கடைக்காரர் வேறு, கோர்ட்டுக் குமாஸ்தா வேறு. பெண்கள் நாலு பேர் இருக்கிறார்கள் அல்லவா, வரிக் காட்சியை அவர்களிடம் கொடுங்கள். வாசலில் நின்று பதில் சொல்பவர்கள் அவர்கள்தானே.

---

ஒளிப்பலகை எழுதியது:

ஒலி விட்டுப்போச்சு. 300 பேருக்குத் திறந்தவெளியில் மேடை விளிம்பில் மூன்று தரை மைக், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு அங்குல நுரைப்பஞ்சு. இல்லாவிட்டால் வசனத்தைவிடக் காலடிதான் கேட்கும். புலவருக்குத் தனி மைக், குடத்துக்கு மைக் வேண்டாம். ஒலிபெருக்கிப் பெட்டிகள் மைக் வரிசைக்கு இரண்டு மீட்டர் முன்னால், இல்லாவிட்டால் கூவும். சட்டை மைக் 12 வாடகைக்கு எடுக்காதீர்கள். ஓட்டத்திலும் வேர்வையிலும் பாதி செத்துவிடும்.

நேரம்: மார்ச் மாதம் நெல்லையில் ஆறரை வாக்கில் சூரியன் அடையும். ஏழு மணிக்குத் தொடங்கினால்தான் இருட்டுக் காட்சி இருட்டாக இருக்கும். எட்டேகாலுக்கு முடிந்துவிடும், ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி வரைதான் என்ற விதிக்கும் சிக்கல் இல்லை.

---

மேலரதவீதி எழுதியது:

போலீஸ் அனுமதி வேண்டுமா? கதையே போலீஸ் சுட்டதைப் பற்றி.

ஏட்டுச்சுரை எழுதியது:

பிரதியைக் கொடுத்து முன் அனுமதி வாங்கும் காலம் போய்விட்டது. தமிழ்நாட்டின் 1954 நாடகச் சட்டம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. 1876ஆம் ஆண்டு வெள்ளைக்காரச் சட்டமும் பிறகு நீக்கப்பட்டது. ஒலிபெருக்கிக்கும் கூட்டத்துக்கும் மட்டும் காவல் நிலையத்தில் எழுத்தில் விண்ணப்பம், பள்ளி நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் சேர்த்து. பதினைந்து நாள் முன்பே கொடுத்து, ஒரு நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரதியைக் கேட்டால் கதைச்சுருக்கம் ஒரு பக்கம் கொடுங்கள், அதில் ஆண்டு 1908 என்று பெரிதாக.

தாமிரவாசகன் எழுதியது:

ஒத்திகைக்கு எட்டு வாரம், வாரம் மூன்று மாலை. முதல் இரண்டு வாரம் அட்டைகளைப் படிப்பதும் பேசிப் பார்ப்பதும். நடிகர்களுக்கு ஆவணம் தெரியாமல் வசனம் மட்டும் தெரிந்தால் விசாரணைக் காட்சி படுத்துவிடும். மூன்றிலிருந்து ஐந்து வரை காட்சி காட்சியாக. ஆறாவது வாரம் வில்லுக் குழுவோடு சேர்த்து. ஏழாவது வாரம் மைதானத்திலேயே, இருட்டில், விளக்கோடு. எட்டாவது வாரம் எதையும் மாற்றாதீர்கள். வரிக் காட்சிக்கு மட்டும் இரண்டு மாலை கூடுதலாக ஒதுக்குங்கள். ஓட்டமும் தீயும் ஆர்ப்பாட்டமாக இருப்பதால் எல்லாரும் 13ஆம் தேதியையே திரும்பத் திரும்ப ஒத்திகை பார்ப்பார்கள், கடைசிக் காட்சி அரைகுறையாக மேடை ஏறும்.

பொருநைக்கரை எழுதியது:

குறித்துக்கொண்டாச்சு. அட்டை வேலை முடிந்ததும் 13ஆம் தேதிக் காட்சியின் முதல் பிரதி, மூன்று நிற மையோடு, இங்கேயே வரும். வரிக் காட்சிக்கு ஒரு வீட்டுக்கு எவ்வளவு என்ற கணக்கு ஆவணத்தில் கிடைத்தால் குடம், கிடைக்காவிட்டால் தொகையே சொல்லாமல் "இம்புட்டா?" என்று மட்டும் கேட்க வைக்கலாம் அல்லவா?

ஏட்டுச்சுரை எழுதியது:

தாராளமாக. தொகையைக் கற்பனை பண்ணாதீர்கள்.